தாடியை எடுத்த தப்பு

நான் முடி வெட்டுகிறவன். முப்பத்தெட்டு வருஷமாக ஒரே கடை, ஒரே கண்ணாடி. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் எனக்கு ஒன்றே முக்கால் வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள். அந்தப் பெருமைக்குப் படிப்பு எதற்கு?

மகள் இருப்பது விமானத்தில் பதினோரு மணி நேரத் தொலைவில். தினமும் கடை திறந்ததும் பவுடர் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துப் பேத்தியைக் கூப்பிடுவேன். கத்தரியைக் காற்றில் 'கிச் கிச்' என்று ஓட்டுவேன். முடியே இல்லாத இடத்திலும் எங்கள் கை அப்படித்தான் ஓடும். அவள் கைதட்டிச் சிரித்து, என் வெள்ளைத் தாடியைப் பிடிக்கத் திரையைப் பிறாண்டுவாள்.

போன மாதம் முதல் தடவையாக வருகிறார்கள் என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்தது. போனில் சிரிப்பவள் நேரில் என்னிடம் வருவாளா?

ஊரையே அழகாக்குகிறவன் பேத்தி முன்னால் பரதேசி மாதிரி நிற்கலாமா? தாடியை மழித்தேன். மீசைக்கு மை அடித்தேன். கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த முன்னாள் லாரி டிரைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யோவ், பேத்தியப் பாக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?"

வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. கையை நீட்டினேன். பேத்தி வீலென்று கத்திக்கொண்டு அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்தாள்.

"தாத்தாடா தங்கம்!" என்றாள் மகள்.

"இல்ல!" பேத்தி அம்மா கையிலிருந்த போனைக் காட்டினாள். "தாத்தா அங்க!"

"யாருப்பா உங்கள மழிக்கச் சொன்னது? எனக்கே ஒரு நிமிஷம் யாரோன்னு ஆயிடுச்சு."

"அழகா இருக்கட்டும்னுதாம்மா..."

"கிழிஞ்சுது போங்க!"

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கடையில் டிரைவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடையைக் காட்ட வந்தாள். கண்ணாடியில் இருவரும் தெரிந்தார்கள். நான் திரும்பவில்லை. திரும்பினால் அழுவாளே! கை மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. கிச் கிச்.

பேத்தி தலையைத் தூக்கினாள். அம்மா கையைப் பார்த்தாள், போன் இல்லை. என் கையைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி, தள்ளாடி வந்து என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா! கிச்!"

கத்தரியை மேல் தட்டில் வைத்துவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டேன்.

"யோவ், பாதித் தலையோட உக்காந்திருக்கேன்யா!"

"இருங்கண்ணே! முழுத் தலையோட மட்டும் எங்க போயி என்ன கிழிச்சீங்க?"

அவர் அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார், பாவம். மகளும் பேத்தியும் ஊருக்குத் திரும்பும்வரை என் முகத்தில் கத்தியே படவில்லை.