அம்புக்குறிக்குக் கட்டம் இல்லை

“அந்த அம்பைப் பத்தி நீங்க இந்த நர்ஸுங்களுக்குச் சொல்லியே தரலையா மேடம்?”

வார்டில் ஒரு நோயாளியின் அம்மா செல்வமேரி இப்படிக் கேட்டபோது ஹேமாவதியிடம் பதில் இல்லை. சொல்லித் தந்திருந்தார். சிக்கலே அதுதான்.

ஹேமாவதிக்கு முப்பத்தாறு வயது. வீடு அஸ்தினாபுரத்தில். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் வார்டு நர்ஸாக நின்றவர். இப்போது அங்கேயே சர்க்கரை நோய்ப் பயிற்சியாளர். நோயாளிகளுக்குச் சொல்லித் தருவது பாதி வேலை. டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் சொல்லித் தருவது மீதிப் பாதி. முதல் பாதி அவருக்குப் பிடிக்கும்.

இரண்டாவது பாதி வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. சாப்பிட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஏசியில் கண் செருகும். அன்றைய பாடம் கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார். டைப் ஒன் சர்க்கரை உள்ளவர்களின் உடம்பில் இன்சுலின் சுரக்காது, ஊசியில்தான் உயிர். ஊசி கொஞ்சம் கூடினாலும் சர்க்கரை சரிந்து ஆபத்து. சென்சார் அவர்களுடைய சர்க்கரை அளவைப் போனில் எண்ணாகக் காட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அம்பும் இருக்கும்.

“பஸ் எங்க இருக்குன்னு எண் சொல்லும். எந்தப் பக்கம், என்ன வேகத்துல போகுதுன்னு அம்பு சொல்லும். நூத்தி இருபதுன்னு காட்டி, அம்பு நேரா கீழ இருந்தா அது நார்மல் இல்ல. விழுந்துட்டிருக்கு” என்றார் ஹேமாவதி.

“சீக்கிரம் விழட்டும் மேடம், சமோசா ஆறுது” என்றார் பணி மருத்துவர் ஜெர்சன். அறையே சிரித்தது. ஹேமாவதியும் சிரித்துவைத்தார். கடைசியில் பத்துக் கேள்விகள் கேட்டார். வார்டு நர்ஸ் தீபா பத்துக்குப் பத்து. நிர்வாக அதிகாரி ஜெயவேலு எல்லோரையும் பேனருக்கு முன்னால் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பதினோராம் நாள், கோவிலம்பாக்கத்திலிருந்து ஜென்சி காய்ச்சலோடு வந்து சேர்ந்தாள். செல்வமேரியின் மகள். பதினேழு வயது, ஒன்பது வயதிலிருந்தே டைப் ஒன். மதியச் சாப்பாட்டுக்கு முன் அவள் போனில் 124. அம்பு நேராகக் கீழே. வார்டு ஷீட்டில் 124 என்று ஏறியது. வழக்கமான அளவு இன்சுலினும் உள்ளே போனது. சாப்பாட்டு வண்டிதான் வரவில்லை. இருபது நிமிடத்தில் ஜென்சிக்கு வியர்த்துக் கொட்டியது. நாக்கு குழறி, அம்மாவையே பார்த்து “நீ யாரு?” என்றாள். செல்வமேரி பையில் வைத்திருந்த குளுக்கோஸைக் கரைத்துப் புகட்டினார். 46 வரை இறங்கிய எண் மெல்லத் திரும்பியது.

ஹேமாவதி படியேறி ஓடி வந்தபோது செல்வமேரி மகளின் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அம்பு கீழ பாத்துகினு கீது, சோறு வந்தப்புறம் ஊசி போடுங்கன்னு தலபாடா அடிச்சிக்கினேன் மேடம். நார்மல்தாம்மா, பேஜார் பண்ணாதீங்கன்றாங்க. ஏழாவது படிச்ச எனக்குத் தெரியுது.” அப்புறம்தான் அந்தக் கேள்வி.

ஊசி போட்டது தீபா. மருந்து அறையில் அவளைப் பிடித்தார் ஹேமாவதி.

“பத்துக்குப் பத்து வாங்கினியேடி. அம்பைப் பார்க்கலையா?”

“பார்த்தேன்க்கா.” தீபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. “எங்க எழுதுறது? ஷீட்ல நேரம், சுகர், இன்சுலின், கையெழுத்து. அவ்ளோதான் கட்டம். ஜெர்சன் சார் போன்ல ‘எவ்ளோ’ன்னு கேட்டாரு. நூத்தி இருபத்திநாலுன்னேன். ‘குடுத்துரு’ன்னாரு. நம்பரைத் தவிர யாரும் எதுவும் கேக்குறதில்லக்கா.”

ஹேமாவதி அந்த ஷீட்டை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு வருடம் அவரே நிரப்பிய ஷீட். பாடம் நடத்திய அன்று அதைக் கையில்கூட எடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

நேராக ஜெயவேலுவிடம் போனார். ஒரே ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்றார்.

“அஞ்சாயிரம் ஷீட் அடிச்சு ஸ்டோர்ல கிடக்கு மேடம். மாத்தணும்னா கமிட்டியில வைக்கணும். நீங்க இன்னொரு ட்ரெய்னிங் போட்டுருங்க. இந்தத் தடவ பஜ்ஜி சொல்லிடறேன்.”

மறுநாளிலிருந்து ஹேமாவதி காலையில் அரைமணி முன்னதாக வந்து, ஸ்கேலும் சிவப்புப் பேனாவுமாக ஷீட்டுகளில் தானே கட்டம் போட்டார். ஒன்பதாம் நாள் மெமோ வந்தது: மருத்துவ ஆவணத்தில் கோடு கிழிக்கக் கூடாது.

நாலு மாதமாகிறது. கமிட்டி இன்னும் கூடவில்லை. தீபா மட்டும் சுகர் கட்டத்துக்குள்ளேயே, எண்ணை ஒட்டிச் சின்னதாக ஓர் அம்பு போடுகிறாள். போனில் ஜெர்சன் “எவ்ளோ?” என்றால், “நூத்திப் பத்து, வேகமா இறங்குது சார்” என்கிறாள். போன வாரம் அவர் கொஞ்சம் நிறுத்தி, “சாப்பாடு வந்துடுச்சா?” என்று கேட்டாராம். ஒரு வார்டு, ஒரு நர்ஸ், ஒரு டாக்டர். மற்ற மாடிகளில் எண் மட்டும்தான். ஜென்சி அடுத்த முறை எந்த மாடியில் படுப்பாளோ, யாருக்குத் தெரியும்?

செல்வமேரியின் கேள்விக்கு ஹேமாவதியிடம் இப்போது பதில் இருக்கிறது. ஆட்களுக்குச் சொல்லித் தந்தார், காகிதத்தை விட்டுவிட்டார். அதை அந்தத் தாயிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ வார்டில் வேலை பார்ப்பவர் இருந்தால் இந்தக் கதையை அவருக்கு அனுப்பிவையுங்கள். “உங்க ஷீட்டில் அம்பை எங்கே எழுதுவீங்க?” என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புங்கள்.