ஏற்காட்டில் ஒரு பிளாஸ்க் வீடு

மலையில் வீடு கட்டவோ, குளிர்காலத்தில் வாடகைக்கு எடுத்துத் தங்கவோ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏரியையும் படகையும் காட்சி முனைகளையும் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஏற்காட்டுக்குப் போனது ஒரு வீட்டை அளந்து பார்க்க. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு டிசம்பர் முதல் வாரம். எனக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. கணவர் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

என் தங்கை லூர்துவின் மகன் வின்சென்ட் சேலத்தில் கட்டட இன்ஜினியர். மலைப் பகுதி வீடுகளில் விறகையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும்படி கட்டுவதற்கென்று வந்திருந்த புதிய விதிமுறைகளை வைத்து, தன் அம்மாவுக்கு ஏற்காட்டில் ஒரு வீடு கட்டியிருந்தான். தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் முதலாளி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "மிச்சம் எவ்வளவு என்று குளிர்காலத்தில் கொஞ்ச நாள் அளந்து காட்டு. சரியாக இருந்தால் என் தொழிலாளர்களுக்கு வரிசை வீடுகள் இதே மாதிரி கட்டலாம்" என்று சொல்லியிருந்தார். அளக்க ஆள் வேண்டும். அவன் என்னிடம் வந்தான்.

"பெரியம்மா, அம்மாகிட்ட விட்டா குத்துமதிப்பா சொல்லுவாங்க. நீங்கதான் ஒரு கிராம்கூட விடமாட்டீங்க."

இது பாராட்டா கிண்டலா என்று நான் விசாரிக்கவில்லை. கான்வென்ட்டில் படித்தவள் நான். அங்கே பாதி மார்க் என்று ஒன்று கிடையாது. வருகிறேன் என்றேன்.

சேலத்திலிருந்து ஏற்காடு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று கூட. அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கண்டக்டர் சிரித்தார். "ஏனுங்கம்மா, சன்னல் சீட்டுக்கு இத்தனை அவசரமுங்களா? இன்னைக்கு வெளிய பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. வெள்ளையடிச்ச செவுருதான்."

அவர் சொன்னது சரி. எட்டாவது வளைவுக்கு மேல் மூடுபனி. ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஹாரனை அழுத்தி, எதிரில் பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் திருப்பினார். பதில் வந்த ஒரு வளைவில், ஒரு லாரியின் முகம் கைக்கெட்டும் தூரத்தில் திடீரென்று முளைத்தது. நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்த பிடியை ஏற்காடு வரை விடவில்லை. பக்கத்தில் இருந்தவர் பார்த்தபோது மட்டும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். (குளிர்காலத்தில் போகிறவர்கள் வெயில் ஏறிய பிறகு கிளம்பும் பஸ்ஸைப் பிடியுங்கள். காலி வயிற்றோடு ஏறாதீர்கள்.)

வீடு, கடைகள் இருக்கும் ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து அரை மணி நேர நடை. சின்னதாக, அழகாக இருந்தது. நடுவில் இடைவெளி விட்டுக் கட்டிய இரட்டைச் சுவர். கூரைக்குக் கீழே பலகை அடித்து, இடையில் தேங்காய் நார் திணித்திருந்தான். ஜன்னல்களுக்கு இரண்டு அடுக்குக் கண்ணாடி. கதவு இடுக்கெல்லாம் ரப்பர் பட்டை. கதவைச் சாத்தினால் வெளியே கத்தும் பறவையின் சத்தம் கூட அறுந்துவிடும். சமையலறையில் ஒழுங்கான புகைபோக்கி. அதற்கும் கூடத்துக்கும் நடுவே இறுக்கமான கதவு. கூடத்தில் துவாரம் என்று எதுவுமே இல்லை.

அடுத்த வீடு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருடையது. பழைய ஓட்டு வீடு. அளவில் ஏறக்குறைய இதே அளவு, ஆள் கணக்கும் இரண்டே. ஒப்பிட அதைத்தான் எடுத்துக்கொண்டோம். ரைட்டரின் மனைவி ராசாத்தி வாயாடி.

"உங்க தங்கச்சி பிளாஸ்க்குக்குள்ள குடியிருக்காங்க. நாங்க சல்லடைக்குள்ள குடியிருக்கறோமுங்க," என்றாள். "இந்தப் பக்கம் பூராவும் அதுக்குப் பிளாஸ்க் ஊடுன்னுதான் பேரு. மூடி ஒண்ணுதான் பாக்கி."

"மூடியும் போட்டாச்சு ராசாத்தி. எங்க அக்கா வந்துட்டா," என்றாள் லூர்து.

மறுநாளிலிருந்து வேலை தொடங்கியது. இரண்டு வீட்டு மீட்டரையும் காலையிலும் மாலையிலும் பார்ப்பேன். இரண்டு வீட்டிலும் எரிக்கும் விறகையும் கரியையும் தொங்கு தராசில் நிறுத்துக் கொடுப்பேன். நிறுக்காமல் ஒரு சுள்ளி கூட அடுப்புக்குப் போகக்கூடாது என்று உத்தரவு.

"காப்பி வெக்கறதுக்கும் பர்மிசன் வாங்கோணுமுங்களா?" என்று ராசாத்தி கேட்டாள். வாங்க வேண்டும் என்றேன்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து வீடுகளில் குளிருக்குக் குமுட்டி அடுப்பு வைத்துக்கொள்வார்கள். வாசலில் வைத்துக் கரியைப் பற்றவைத்து விசிறுவார்கள். புகை முழுக்க அடங்கி, கரி ஒரே சிவப்பாக ஆனதும் 'கனிஞ்சிருச்சு' என்பார்கள். கனிந்த கரி நல்ல கரி. அதற்குப் பிறகு குமுட்டியை உள்ளே தூக்கி வந்து காலடியில் வைத்துக்கொள்ளலாம். புகை இருந்தால்தான் கெடுதல் என்பது எல்லோருக்கும் இருந்த நம்பிக்கை. ஓட்டு வீட்டில் அது பலித்தும் வந்தது. அங்கே பள்ளிக்கூட டீச்சராக இருந்த லூர்துவும் அப்படி ஓர் ஓட்டு வீட்டில் இருபது வருடம் குளிர் காய்ந்தவள். புது வீட்டுக்கு வரும்போது குமுட்டியையும் கொண்டு வந்துவிட்டாள்.

"இந்த வீட்டுக்கு ஒரு கைப்பிடி கரி போதும் அக்கா. சாயங்காலம் வெச்சா சூடு இறங்கவே இறங்காது."

உண்மைதான். மூன்றே நாளில் தெரிந்துவிட்டது. பிளாஸ்க் வீட்டுக்கு, பக்கத்து வீட்டுக்கு ஆன எரிபொருளில் பாதிகூட ஆகவில்லை. சட்டை மேல் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடிந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. நம் வீட்டுப் பையன் கட்டியது.

தலைவலி மட்டும் இருந்தது. வந்த நாள் சாயங்காலமே எனக்குத் தொடங்கிவிட்டது. பஸ் வளைவுகளின் மேல் பழி போட்டேன். லூர்துவுக்கோ நவம்பரிலிருந்தே இருந்ததாம். மூக்குக் கண்ணாடியை மாற்றினாள். டாக்டர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்திருந்தார். பேச்சின் நடுவில் வார்த்தை மறந்துபோய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். வயதாகிறது என்று அவள் சொல்வாள். என்னைவிட நான்கு வயது இளையவள், அவளுக்கு வயதாகிறது என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை.

நான்காம் நாள் விடிந்ததே தெரியவில்லை, அப்படி ஒரு பனி. மத்தியானம் மின்சாரமும் நின்றது. லூர்து வழக்கத்துக்கு முன்னாலேயே குமுட்டியைக் கனிய வைத்து உள்ளே கொண்டு வந்து, கம்பளி நூலை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மெழுகுவத்தி வாங்க நான் ஒண்டிக்கடைக்குக் கிளம்பினேன்.

"பாத்துப் போக்கா. கதவை நல்லா சாத்திட்டுப் போ, சூடு போயிரும்." நான் சாத்தினேன். அவள் எழுந்து வந்து உள்ளே தாழ் போட்டுக்கொண்டது கேட்டது.

வழியில் எனக்கு முன்னால் ஐந்தாறு அடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. சில்வர் ஓக் மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம்தான் துணை. பாதி தூரம் போயிருப்பேன். தலைவலி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேற்றும் மீட்டர் பார்க்க வெளியே வந்து நின்றபோது போயிற்று. உள்ளே போனதும் வந்தது. முந்தின நாளும் அப்படித்தான். ராசாத்தி வீட்டில் அரை மணி நேரம் குமுட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசினேன், அங்கே வலிக்கவில்லை.

அதே கரி. வேறு வீடு.

எங்களுக்கு ரசாயனம் எடுத்த சிஸ்டர், கரி எரியும் மூடிய அறையைப் பற்றிச் சொன்னது ஞாபகம் வந்தது. அதில் வரும் விஷவாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, புகை இல்லை. தூக்கம் வருவது போல வரும் என்றார். எந்தக் கனிந்த கரியை நான் தராசில் நிறுத்து, எவ்வளவு குறைவு என்று மெச்சிக்கொண்டிருந்தேனோ அதைப் பற்றித்தான் அவர் சொல்லியிருந்தார்.

திரும்பினேன். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த வயதில் நான் ஓடியதைப் பார்க்க யாருமில்லை. ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் தேயிலை வேலி போல எதையோ பிடித்துக்கொண்டு நின்றேன். அது காபிச் செடி. மறுபடி ஓடினேன். வீடு வந்துவிட்டதா, தாண்டிவிட்டேனா என்ற பயம் ஒரு பக்கம். வந்து சேர்ந்தால் என்ன பார்ப்பேன் என்ற பயம் இன்னொரு பக்கம்.

கதவைத் தட்டினேன். பதில் இல்லை. கதவையொட்டிய ஜன்னலுக்கு ஓடினேன். லூர்து நாற்காலியில்தான் இருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, கம்பளி நூல் மடியிலிருந்து தரைக்கு உருண்டிருந்தது. காலடியில் குமுட்டி, மிக அழகான சிவப்பு. "லூர்து! லூர்து!" என்று கண்ணாடியில் அறைந்து கத்தினேன். இரண்டு அடுக்குக் கண்ணாடி. என் குரல் என்னிடமே திரும்பி வந்தது.

என் கூச்சல் கேட்டு ரைட்டர் ஓடி வந்தார். பின்னாலேயே ராசாத்தி.

"என்னாச்சுங்க? தூங்கறாங்களா?"

"தூங்கலைய்யா! உடைங்க!"

"நொம்ப வெலைங்க இந்தக் கண்ணாடி, இன்ஜினியர் தம்பி வந்து..."

"உடைங்கய்யா!"

மண்வெட்டிக் காம்பால் அடித்தார். வெளிக் கண்ணாடி போயிற்று. உள் கண்ணாடி நின்றது. அந்த இரண்டாவது அடிக்கு அவர் கையை ஓங்கிய நேரம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுவும் உடைந்ததும் அவர் உள்ளே கையை விட்டுக் கதவின் தாழை நீக்கினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூவரும் அவளைத் தூக்கி வாசல் புல்லில் போட்டோம். ராசாத்தி அவள் கன்னத்தில் அறைந்துகொண்டே இருந்தாள். "ஏனுங்க டீச்சர், எந்திரிங்க. உங்க அக்கா அழுவறாங்க பாருங்க. அதைப் பாக்கறதுக்காச்சும் கண்ணத் தொறங்க, சாமி."

லூர்து வாந்தி எடுத்தாள். அதைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

எஸ்டேட் ஜீப்பில் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிராணவாயு வைத்தார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். முடிக்க வேண்டாம் என்று கை காட்டினேன்.

வின்சென்ட் அன்று சாயங்காலமே மேலே வந்தான். உடைந்த ஜன்னலின் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே பேசினான்.

"விதிமுறைல எல்லாம் சரியா இருந்துச்சு பெரியம்மா. சமையலறை நெருப்புக்குப் புகைபோக்கி வெச்சேன். கூடத்துல நெருப்பே இல்லைன்னுதான் துவாரம் விடல."

"உங்க அம்மா குளிர்ல எங்கே உட்காருவான்னு யாரைக் கேட்டே?"

தவறு அவனுடையது மட்டும் இல்லை. வரைபடத்தில் கதவு உண்டு, ஜன்னல் உண்டு, குமுட்டி கிடையாது. வேறு எங்கோ உட்கார்ந்து விதி எழுதியவர்களுக்கு, கனிந்த கரியைத் தூக்கி வந்து காலடியில் வைக்கும் ஊர் ஒன்று இருப்பது தெரிந்திருக்காது.

மறுநாள் கொத்தனாரை வைத்து, கூடத்துச் சுவரில் தரையோரம் ஒன்றும் கூரையோரம் ஒன்றுமாக இரண்டு துவாரம் போட்டோம். நெருப்பைக் கூடத்திலேயே வைத்துக்கொள்ளப் புகைபோக்கியோடு ஒரு கணப்பும் கட்டச் சொன்னேன். பிறகு மறுபடி அளந்தேன். மிச்சம் குறைந்துவிட்டது. பாதிக்கு மேல் என்றிருந்தது மூன்றில் ஒரு பங்கு என்று ஆயிற்று. எஸ்டேட் முதலாளியிடம் இரண்டு அளவையும் சொன்னேன். முதல் அளவு எப்படி வந்தது என்பதையும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டாவது அளவுக்கே கட்டச் சொன்னார். அந்த வரிசை வீடுகளில் மேல் துவாரங்கள் கைக்கு எட்டாத உயரத்தில், சாய்த்து வைக்கப்பட்டன. அது என் யோசனை. காரணம் லூர்து.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நான்காம் நாள், நான் மீட்டர் பார்த்துவிட்டு உள்ளே வருகிறேன். அவள் ஸ்டூல் மேல் நின்று, மேல் துவாரத்தில் பழைய புடவை ஒன்றைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"குளிர் வருதுக்கா. கொஞ்ச நேரத்துக்குத்தான்."

எனக்குக் கோபம் வரவில்லை. அவளைக் கீழே இறக்கினேன். குமுட்டியை ராசாத்தியிடம் கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஊர் திரும்புவதாக இருந்தேன், போகவில்லை. குளிர் போகும் வரை, பிப்ரவரி கடைசி வரை, அங்கேயே இருந்தேன்.

மலையில் தங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வீடு சூடாக இருக்கிறது என்றால் சந்தோஷப்படுங்கள். அதே நேரம், காற்று எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று கையை வைத்துப் பாருங்கள். துவாரத்தில் துணியோ சாக்கோ இருந்தால் யாரையும் கேட்காமல் பிடுங்கிப் போடுங்கள். கரி, புகைந்தாலும் கனிந்தாலும், மூடிய அறைக்குள் வேண்டாம். உள்ளே வலித்து வெளியே போனால் நிற்கும் தலைவலிக்கு மாத்திரை தேடாதீர்கள். உடனே எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள். மிச்சம் எவ்வளவு என்று அதற்குப் பிறகு அளந்துகொள்ளலாம்.

லூர்து இன்னமும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், கணப்பு போதும் என்கிறாள். நான் நம்புவதில்லை. டிசம்பர் பிறந்தால் தினமும் சாயங்காலம் போன் செய்கிறேன். இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேற்று ஐந்தாவது மணிக்குத்தான் எடுத்தாள். தோட்டத்தில் இருந்தாளாம். "இப்படியா பயப்படுவே, அக்கா?" என்று சிரித்தாள். மேல் துவாரத்தைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி, அவள் திரும்பி வரும் வரை ரிசீவரை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.