மகாராணிக்கு மட்டும் வேண்டாமாம்

கல்லூரியில் அவளுக்கு மகாராணி என்று பேர். சக்கர நாற்காலி வருகிறதென்றால் எந்த வரிசையும் தானாக விலகும். கேன்டீனில் டீ, அலுவலகத்தில் கையெழுத்து, எல்லாம் அவளுக்குத்தான் முதலில். சும்மா சொல்லக் கூடாது, அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. முதல் மாடியில் எச்.ஐ.வி. பரிசோதனை முகாம். காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாற்காலியை முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏண்டி, தரை தேஞ்சிடப் போகுது" என்றாள் அறைத்தோழி.

காரணம் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்ட் அடிக்கடி படுத்துக்கொள்ளும். அவன் வந்து சரி செய்கிறவரை இவள் கீழே காத்துக் கிடப்பாள். அப்படித் தொடங்கிய பேச்சு அவன் அறைவரைக்கும் போனது. இஷ்டப்பட்டுத்தான் போனாள். பிறகு அவனுக்கு மூன்று மாதம் வெளியூர் வேலை. முந்தாநாள் திரும்பி வந்ததும் ஃபோன் செய்தான்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்குன்னு சொல்லிட்டாங்க. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. நீயும் டெஸ்ட் பண்ணிப் பார்த்துடு. இனிமே உன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

வைத்துவிட்டான். அப்புறம் எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

பாதுகாப்பு, அது இது என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அக்காவிடம் அம்மா குசுகுசுவென்று பேசும்போதெல்லாம் இவளை டிவி முன்னால் தள்ளிக்கொண்டுபோய் விட்டுவிடுவாள். கல்லூரி முடிக்கப் போகிறவள், இன்னும் "எங்க வீட்டுக் குழந்தை"தான். நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாடியில் வரிசை வழக்கம்போல் விலகியது. மேசையில் இருந்த ஆலோசகர் அம்மா ஒரு ஜூஸ் பாக்கெட்டை அவள் மடியில் வைத்தார்.

"உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? போய் ரெஸ்ட் எடு கண்ணு."

தோழியும் சரியென்று நாற்காலியைத் திருப்பப் பார்த்தாள். இவள் பிரேக்கைப் போட்டாள். பின்னால் அத்தனை பேர். வாயைத் திறந்தால் சாயங்காலத்துக்குள் கல்லூரி முழுக்கப் பரவிவிடும். திறக்காவிட்டால் இன்னொரு ராத்திரியும் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்க வேண்டும். அது அவளால் ஆகாது.

"எனக்கும் பாருங்க."

"எல்லாருக்கும் தேவைப்படாதும்மா. ஆம்பளைங்களோட அப்படிப் பழகினவங்களுக்குத்தான்..."

"நானும் பழகியிருக்கேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தோழி கைப்பிடியை விட்டுவிட்டாள். என்ன நினைத்தாளோ, சிரித்தவளை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டாள். ஆலோசகர் முகம் சுண்டிப்போய் எழுந்து, தடுப்புத் திரைக்குப் பின்னால் வழி காட்டினார்.

ரத்தம் எடுத்த பிறகு காத்திருந்த நேரத்தில் ஜூஸ் பாக்கெட்டைக் கசக்கிக் கசக்கி மடியெல்லாம் நனைத்துவிட்டாள். அப்புறம் ஆலோசகர் வந்து அவள் எதிரே உட்கார்ந்தார்.

"உனக்கு இல்லைம்மா. கடைசியா பழகி மூணு மாசம் ஆயிடுச்சுன்னா இதை நம்பலாம்."

தேம்பித் தேம்பி அழுதாள். ஆலோசகர் தண்ணீர் கொடுத்தார். ஆணுறையை எப்படிப் பயன்படுத்துவது, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறவரோடு எப்படிப் பயமில்லாமல் வாழலாம் என்று நிதானமாகச் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் சொன்னார். கடைசியில் ஆணுறைப் பொட்டலத்தை எடுத்துத் தோழியின் கையில் கொடுத்தார்.

"அது எனக்கு" என்று இவள் கையை நீட்டினாள்.

இறங்கலாம் என்று வந்தால் லிஃப்ட் வழக்கம்போல் படுத்துவிட்டது. நாலு பையன்கள் ஓடி வந்து தூக்குகிறோம் என்றார்கள். அவள் வேண்டாம் என்றுவிட்டு, தோழியின் ஃபோனை வாங்கி அவன் எண்ணைப் போட்டாள். தெரியாத எண் என்பதால் எடுத்துவிட்டான்.

"யாரு?"

"லிஃப்ட் நின்னுபோச்சு. நான் மேல மாட்டிக்கிட்டு இருக்கேன்."

அந்தப் பக்கம் ஸ்பானர் ஒன்று தரையில் விழுகிற சத்தம்.

"எனக்கு இல்லை" என்றாள். "கேக்குதா? எனக்கு இல்லை."

அவன் அழுவது கேட்டது. அழுது முடிக்கட்டும் என்று விட்டாள்.

"தூக்கிட்டுப் போறேன்னு இங்க ஆளுங்க நிக்கிறாங்க. நான் மாட்டேன்னுட்டேன். நீ டூல் பாக்ஸை எடுத்துக்கிட்டு வா."