இந்த முறையில் தழும்பு வராது

தேனி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு பேக்கரி வந்திருக்கிறது. காலையில் அந்தப் பக்கம் போனால் சூடான ரொட்டி வாசம் வரும். எல்லாருக்கும் அதில் பசி எடுக்கும். எனக்குக் கரித்துண்டு ஞாபகம் வரும். வயதாகி மூக்கு கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கரியால் வரைந்த படத்தை ரப்பரால் அழித்தால் தாள் முழுக்க ஈஷிக்கொள்ளும். ரொட்டியின் உள்பக்கத்தைக் கிள்ளி, உருட்டி, ஒற்றி ஒற்றி எடுத்தால்தான் சுத்தமாக வரும்.

யுத்தத்துக்கு முந்தைய போடியில் ரொட்டி தின்றவர்கள் இரண்டே வகை: மலைத்தோட்டத்துத் துரைமார், அப்புறம் காய்ச்சல்காரர்கள். நான் ரொட்டிப் பொட்டலத்தோடு தெருவில் நடந்தால், "வீட்ல யாருக்குப்பா மேலுக்கு முடியல?" என்று விசாரிப்பார்கள். படம் அழிக்க என்றால் பைத்தியம் என்பார்கள் என்று பயந்து, அக்காவுக்கு என்று சொல்லிவிடுவேன். என் அக்கா காமாட்சி அந்த வருஷம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்ததாகத் தெரு நம்பியது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சர்க்கார் டிராயிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு என்பது பெரிய வார்த்தை. கண்ணில் பட்ட பாணியையெல்லாம் ஒரு கை பார்ப்பேன், அவ்வளவுதான். ஒரு மாதம் கோயில் சுவர்ச் சித்திரம்: கனத்த கோடு, அகலக் கண், முகத்தில் நிழலே கிடையாது. அடுத்த மாதம் காலண்டர்ப் படம்: கன்னமெல்லாம் ரோஜா நிறம். அப்புறம் ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடைத்தது. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் இருட்டு. தட்டையான தாளில் மூக்கு எழுந்து நின்றது. அன்றோடு மற்றதெல்லாம் எனக்கு இளக்காரமாகப் போய்விட்டது.

எல்லாப் பாணிக்கும் மாதிரியாக உட்கார்ந்தவள் அக்காதான். புளி கொட்டை எடுத்தபடியே உட்காருவாள். ஒருமுறை பக்கவாட்டில் வரைந்தேன். "ஏலே, ஒத்தக் கண்ணோட ஒரு பொம்பளைய வரைவியா, வெளங்குமா?" என்று அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டாள்.

அக்காவுக்கு இருபத்திரண்டு வயது. சின்ன வயதில் அம்மை போட்டு, முகத்தில் தழும்பு தங்கிவிட்டது. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தின்றுவிட்டு, "ஊருக்குப் போயிக் கடுதாசி போடுறோம்" என்று போனார்கள். கடுதாசி வரவில்லை. அக்கா மறுநாள் இன்னும் ரெண்டு படி புளியை எடுத்து வைத்துக்கொள்வாள்.

மூன்றாவதாக வந்த இடம் மலைமேல் ஏலத்தோட்டத்து மேஸ்திரி. தன் மூத்த அக்காவோடு தோட்டத்திலேயே குடியிருந்தார். மழைக்காலத்தில் இறங்க லீவு இல்லை, போட்டோ அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். கழுதைப் பொதியில் மலைக்கு அரிசி ஏற்றும் எங்கள் மாமாதான் சேதி கொண்டுவந்தார். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அம்மா முடியவே முடியாது என்றாள். "நான் வரஞ்சு தாரேன்" என்று குதித்தேன். ஜன்னலோரம் உட்காரவைத்து, இங்கிலீஷ் புத்தகத்தின்படி இடது கன்னத்தில் நிழலைப் பூசினேன். இருட்டிலும் வெளிச்சத்திலுமாகத் தழும்பெல்லாம் காணாமல் போனது. அவளுக்கு உபகாரம் செய்வதாக எனக்கு நினைப்பு.

பத்து நாள் கழித்து மாமா படத்தோடு திரும்பி வந்தார்.

"பொண்ணுக்கு எடது கன்னம் பூரா கருப்பா மங்கு அப்பிக் கெடக்கேன்டு மாப்ளயோட அக்கா கேக்குறாக. மங்குன்டாலே மங்கு சனி நெனப்புத்தான் வருதாம்."

"அது மங்கு இல்ல மாமா, நெழலு."

"நெழல ஏண்டா மூஞ்சியில வச்ச? தரையிலல்ல விழுகணும்?"

இன்றைக்குவரைக்கும் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் என்னிடம் இல்லை.

அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இன்னொரு படம் அனுப்பிப் பார்ப்போம் என்று மாமாதான் அக்கறையாகச் சொன்னார். இளக்காரமாக நினைத்த கோயில் சுவருக்கே திரும்பினேன். நேர்முகம், சுத்தமான கோடு, ஒரே சீரான மஞ்சள். மாசு மருவில்லாமல் வந்தது. எனக்கே கும்பிடத் தோன்றியது. அக்காவிடம் நீட்டினேன்.

"இது யாரு?"

"நீதான்க்கா."

"எந்தழும்பு எங்கடா?"

"இந்த மொறையில தழும்பு வராதுக்கா."

"அப்ப இந்த மொறையில நானும் வரமாட்டேன்" என்றாள்.

சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஈர்க்குச்சியை என் மைக்கூட்டில் முக்கினாள். "வலியப் போயிக் குழி வெட்டுறியே ஆத்தா" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அங்கன போயி தாளையா காட்டப் போறேன், எம்மூஞ்சியத்தான காட்டணும்" என்றாள் அக்கா, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். மூன்று நாள் உழைத்த படம். அதில் புள்ளி வைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் கோபித்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது மாமா அதைச் சுருட்டி மூங்கில் குழாய்க்குள் போட்டிருந்தார்.

அடுத்த நடையில் மாமா சிரித்துக்கொண்டே இறங்கினார். "இந்தப் புள்ளிய வச்சது யாருன்டு மாப்ள கேட்டாரு. பொண்ணு தானே வச்சதுன்டேன். படத்தத் தானே சுருட்டி உள்ள வச்சுக்கிட்டாரு. தை பொறந்ததும் பூ வைக்க வாராகளாம்."

அவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள். நான் பரீட்சையில் தேறி, முப்பது வருஷம் பானையும் பூசணிக்காயும் வரையச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் படம் மலைமழையில் ஊறி, செல்லரித்துப் போனது. போன வருஷம் அக்காவும் போய்விட்டாள்.

அவள் மகன், இருந்த ஒரே பழைய போட்டோவை ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கிவந்தான். ஸ்டுடியோக்காரர் முகத்தை வழவழவென்று துடைத்து வைத்திருந்தார். அந்தப் பழைய போட்டோவிலும் முகம் வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை.

"மாமா, அம்மா மாதிரியே இல்ல. அந்தத் தழும்ப மட்டும் நீங்க வச்சுக் குடுங்க."

பென்சிலைச் சீவி உட்கார்ந்தேன். நெற்றியில் இருந்ததா, கன்னத்திலா? வலதா, இடதா? பார்த்து வரைய அம்மைத் தழும்புள்ள வேறொரு முகமும் இன்று கண்ணில் படுவதில்லை. பெரியம்மை ஒழிந்தே போயிற்று, ஒழிந்ததே நல்லது. அவளை நூறு தடவையாவது வரைந்திருப்பேன். ஒரு தடவைகூடத் தழும்பை நான் வைத்ததில்லை.

"சரியா ஞாபகம் இல்லப்பா. ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை.