பெரியத்தா குடித்த தண்ணீர்

முதன்முதலாக ஒரு ரமலான் மாதம் முழுவதும் நோன்பு பிடித்தபோது எனக்கு ஒன்பது வயது. முப்பதையும் பிடித்துவிட்டதாக வீட்டில் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். குவைத்திலிருந்த அத்தாவுக்கும் தொலைபேசியில் அப்படித்தான் சொல்லப்பட்டது. உண்மையில் அவை இருபத்தொன்பது. விடுபட்ட ஒன்றைப் பற்றி என்னையும் பெரியத்தாவையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

பெரியத்தா என் அத்தாவின், அதாவது தந்தையின், அண்ணன். சவூதியில் இருபது ஆண்டுகள் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு, வலங்கைமானுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தவர். அவரும் பெரியம்மாவும் அம்மாவும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். மற்ற மாதங்களில் சாதுவான அந்த மனிதர், நோன்பு மாதம் பிறந்ததும் வருவாய்த்துறை அதிகாரியைப் போல் ஆகிவிடுவார். தொழுகைக்கு முன் நான் குழாயடியில் வாய் கொப்புளிக்கும்போது ஒரு மிடறு அதிகம் எடுத்தாலும் பின்னாலிருந்து குரல் வரும்.

"வாய் கொப்புளிக்கிறியா, மோட்டார் போட்டு எறைக்கிறியா?"

மாலைகளில் பள்ளிவாசல் அண்டாவின் முன்னால் நின்று, தூக்குவாளியோடு வரிசையில் வரும் பிள்ளைகளுக்கு நோன்புக் கஞ்சி ஊற்றுவது அவர்தான். நோன்பு பிடிக்காத பிள்ளைக்கும் கஞ்சி உண்டு. ஆனால் ஒரு கேள்வியும் சேர்த்துக் கிடைக்கும்.

அந்த ஆண்டு அவர் அண்டாவுக்குப் பக்கத்தில் போகவில்லை. இடுப்புவலி என்று ஊருக்குச் சொல்லியிருந்தார்கள். அரைமணி நேரம் ஓரிடத்தில் நிற்க அவரால் முடியாது என்பதுதான் உண்மை. அதற்குள் இரண்டு முறையாவது கொல்லைக்குப் போய்விட்டு வர வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் வாடகைக் காரில் பெரியம்மாவோடு தஞ்சாவூருக்குப் போவார், பிற்பகலில் திரும்புவார். அன்று கொல்லைக் கழிவறை பொழுது சாயும்வரை அவருக்கு மட்டும்தான். என்னைப் பக்கத்து வீட்டுக்குப் போய்வரச் சொல்வார்கள். அவர் வெளியே வந்த ஒவ்வொரு முறையும் பெரியம்மா பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை உள்ளே ஊற்றி, கால்மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று, பிறகுதான் கழுவிவிடுவார். வீடு முழுவதும் புதிதாகக் கழுவிய தண்ணீர்த் தொட்டியின் வாசனை பரவியிருக்கும்.

"பெரியத்தாவுக்கு மூத்திரப் பையில புண்ணு. மருந்து ஊத்துறாங்க," என்றார் அம்மா.

எங்கே ஊற்றுகிறார்கள் என்று கேட்டேன். பாடத்தைப் படிக்கச் சொன்னார். அந்தப் புண்ணின் பெயர் புற்று என்பதையும், ஒரு குழாய் வழியாக ஊற்றிய மருந்தை இரண்டு மணி நேரம் அவர் அடக்கிவைத்திருக்க வேண்டும் என்பதையும், என் கையில் தழும்பாக நிற்கும் காசநோய்த் தடுப்பூசியும் அந்த மருந்தும் ஒன்றே என்பதையும் வெகு காலத்துக்குப் பிறகே அறிந்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நோன்பை எவையெவை முறிக்கும் என்பது மட்டுமே. அதை அவரிடமே கற்றிருந்தேன்.

ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த இரண்டாவது செவ்வாயன்று, பள்ளியிலிருந்து நனைந்து வந்தவள், துவட்டத் துண்டு எடுப்பதற்காக அவருடைய அறைக் கதவைத் தள்ளினேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கண்களை மூடியபடி, செம்பைச் சாய்த்து அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மிடறு அல்ல. தொண்டை இடைவிடாமல் ஏறி இறங்கிற்று.

"பெரியத்தா!"

செம்பு இறங்கியது. தாடியில் நீர்த்துளிகள் நின்றன.

"இன்னும் பாங்கு சொல்லல, நோன்பு தொறக்க நேரமாகல," என்றேன்.

"தெரியும்மா."

மறதியாகக் குடித்தால் நோன்பு முறியாது என்பது அவர் கற்றுத்தந்த பாடங்களில் ஒன்று. அவர் தப்பித்துக்கொள்ள அதையே நீட்டினேன்.

"மறந்து குடிச்சிட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். "இல்லம்மா. மறக்கல."

பொய்யாவது சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது; கோபத்தோடு அழுகையும் வந்தது. "நீங்கதானே எல்லாருக்கும் சொல்றீங்க. இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லுங்க," என்றேன். அவர் ஒரு தட்டை எடுத்துச் செம்பின் மேல் மூடினார்.

"சரி, குடிக்கல. நீ போயி தலையத் தொவட்டு."

தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, அவருடைய அறை வாசலுக்கு நேராகப் புத்தகத்தைப் பிரித்து வைத்து உட்கார்ந்தேன். ஒரு மனிதரைப் பாவத்திலிருந்து மீட்டுவிட்ட நிறைவு எனக்கிருந்தது. மீட்கப்பட்டவர் மாலைக்குள் ஆறு முறை என்னைக் கடந்து கொல்லைக்குப் போனார். சுவரைப் பிடித்துக்கொண்டு போய், உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பினார். சிறுநீர் கழிக்கையில் ஏற்படும் அந்த எரிச்சலுக்கு உள்ள முதல் மருந்து, மூடிய தட்டின் கீழே இருந்தது. ஒவ்வொரு முறையும் நான் கவனித்தது தட்டை மட்டும்தான். அது நகரவே இல்லை.

மறுநாள் காலையில் அவருடைய கட்டில் ஆடிற்று. இரண்டு கம்பளிகளுக்கு அடியிலும் அப்படி நடுங்கினார். நேரம் ஆக ஆகக் காய்ச்சல் ஏறிற்று. கொல்லையிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார்: சிறுநீர் சிவப்பாகப் போயிருந்தது. அம்மா காருக்குச் சொல்லிவிட ஓடினார்.

"காய்ச்ச வந்தாலும் வரும், கூடுனா உடனே வாங்க, தண்ணிய மட்டும் விட்டுடாதீங்கன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!" பெரியம்மா துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டே கத்தினார். "செம்புல தண்ணி அப்படியே மிச்சம் கெடக்கு. நேத்து குடிச்சீங்களா இல்லியா?"

நான் கதவோரத்தில் நின்றேன். கம்பளிக்கு வெளியே அவருடைய முகம் மட்டும் தெரிந்தது. பார்வை ஒரு கணம் என்மேல் நின்றுவிட்டு விலகியது.

"மறந்துட்டேன்," என்றார்.

"தண்ணி குடிக்கக்கூடவா ஒரு மனுசனுக்கு மறக்கும்?"

முதல்நாள் தமக்காக வாங்கிக்கொள்ள மறுத்த சொல்லை, எனக்காக அவர் எடுத்துக்கொண்டார். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் வாய் திறக்கவில்லை.

கார் போன பிறகு இரண்டு மாலைகள் அம்மாவும் நானும் மட்டும் நோன்பு திறந்தோம். தண்ணீர்த் தம்ளரைத் தொடும்போதெல்லாம் அந்தத் தட்டு நினைவுக்கு வந்தது. பெரியத்தா திரும்பி வராவிட்டால் அதற்குக் காரணமானவள் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கேட்பதற்கு யாரும் இல்லாததால் துஆவில் இறைவனிடம் சொல்லிப் பார்த்தேன். அங்கும் பாதி உண்மையைத்தான் சொன்னேன்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து தெரு கலைந்துகொண்டிருந்த நேரத்தில் கார் வந்து நின்றது. முன்கதவைத் திறந்துகொண்டு அவராகவே இறங்கினார். காய்ச்சல் விட்டிருந்தது, ரத்தமும் நின்றிருந்தது. குளுக்கோஸ் ஏற்றி, மாத்திரை கொடுத்து, அடுத்த தவணையை ஒரு வாரம் தள்ளிவைத்து அனுப்பியிருந்தார்கள்.

"எப்படி இருக்கீங்க மச்சான்?" என்று அம்மா கேட்டார்.

"கலங்கல் தண்ணி போயி இப்பத் தெளிஞ்ச தண்ணிதான் வருது. மடையத்தான் நிறுத்த முடியல," என்றார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்த வாரத்தில் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

பெரியம்மா அறையில் செம்பையும் இரண்டு தம்ளர்களையும் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். அவர் ஒரு தம்ளரில் ஊற்றினார், கையில் எடுத்தார், குடிக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

குடியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்மேல்தான் என்று சொல்லவும் வரவில்லை. உள்ளே போய், மற்றத் தம்ளரை எடுத்து, செம்பிலிருந்து விளிம்புவரை ஊற்றி, நின்றபடியே ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

"அடிப்பாவி! நோன்பாச்சே!"

"மறக்கல பெரியத்தா," என்றேன்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடிவயிற்றைப் பிடித்தது. வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரித்தார். பிறகு தம்முடைய தம்ளரைக் காலிசெய்தார். இரண்டாவதையும் காலிசெய்துவிட்டுக் கொல்லையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். திரும்பி வந்ததும் பழைய அதிகாரக் குரல் வந்துவிட்டது.

"பெருநா முடிஞ்சப்பறம் இதுக்கு ஒரு நாள் களா பிடிக்கணும், தெரியுமில்ல?" விட்ட நோன்பைப் பின்னால் ஈடுசெய்வதற்கு அப்படிப் பெயர். தலையாட்டினேன். "எனக்கும் நெறைய கெடக்கு. சேந்து பிடிப்போம்."

மிச்சமிருந்த செவ்வாய்களில் அரைமணிக்கு ஒரு தம்ளர் ஊற்றிக்கொடுப்பது என் வேலையாயிற்று. ஒரு தம்ளரைத் தள்ளிப்போட நினைத்தாலும், "மோட்டார் நின்னுபோச்சா பெரியத்தா?" என்று கேட்பேன். எரிச்சலும் காய்ச்சலும் பிறகும் வந்தன. வந்த வழியே போயின.

தை மாதம், எங்கள் பக்கத்தில் சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, தஞ்சாவூரில் குழாய் விட்டுப் பார்த்துச் சுத்தமாக இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வாரமே அவர் களா நோன்புகளைத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை நானும் சேர்ந்துகொண்டேன். ஊரே சாப்பிட்டுக்கொண்டிருந்த பகலில் நாங்கள் இருவர் மட்டும் வாய் வறண்டிருந்தோம். பாங்கு சொன்னதும் முதல் தம்ளரை எனக்கு ஊற்றினார். என் கணக்கு நேராகிவிட்டது என்று நிம்மதியாகக் குடித்தேன்.

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை. எனவே அதற்குக் களாவும் இல்லை. ஊருக்கே சட்டம் சொன்னவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. என்னோடு சேர்ந்து ஒரு நாள் பட்டினி கிடப்பதற்காகத் தெரியாதவர்போல் இருந்துவிட்டார். இதை நானாகவே படித்துத் தெரிந்துகொண்டேன். மற்றொன்றைச் சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது பெரியம்மா பேச்சுவாக்கில் சொன்னார். அந்த ரமலான் பிறப்பதற்கு முதல்நாளே பெரியத்தா பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாராம். நோயாளிக்கு இப்போது நோன்பில்லை, தண்ணீரைக் குடியுங்கள், குணமானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஹஜ்ரத் சொல்லியனுப்பியிருந்தார்.

ஆக, ஆண்டவனின் அனுமதி அவரிடம் முன்பே இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் அந்த வெள்ளிக்கிழமை நண்பகலில், கையில் ஒரு தம்ளர் தண்ணீரோடு, அவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.