தையலுக்கு விட்ட அரை அங்குலம்

என் அக்கா தையற்காரி. அவள் தைத்த சட்டை இறுக்குகிறது என்று இருபத்தாறு வருடத்தில் ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான்.

அவளிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றுக்கொண்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே உள்ள கல் பாதையில் ஏறுவாள், உச்சியில் நிறுத்துவாள், இறங்கி வருவாள். வேறு வேலை எதுவும் கிடையாது. இது என்ன பைத்தியம் என்று கேட்டவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

போன வருடம் படியில் வழுக்கி விழுந்து இடது முழங்காலில் ஆபரேஷன். அதன் பிறகு கிளட்ச் பெடலை மிதித்தாலே உயிர் போய் உயிர் வந்தது. போதாக்குறைக்கு கியர்பாக்ஸும் மண்டையைப் போட்டது. அக்கா வேறொரு வண்டியின் கியர்பாக்ஸை வாங்கி, மாற்றச் சொல்லிப் பட்டறையில் கொடுத்துவிட்டாள். மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, பயம்.

"ஞாயித்துக்கிழமை நீயே மிதிச்சுப் பாரு. வலிச்சா வண்டியைக் கான்ட்ராக்டருக்குக் குடுத்துடலாம்" என்றார். பக்கத்துத் தெருக் கான்ட்ராக்டருக்கு அந்த ஜீப் மேல் வெகுநாளாக ஒரு கண்.

"சரி" என்றாள் அக்கா.

மெக்கானிக் விவரமாகச் சொன்னார். "அக்கா, கிளட்ச் தட்டோட வெளி அளவு பழைய இன்ஜினுக்குப் பொருந்தணும். நடு ஓட்டையில இருக்கிற பல்லு புது கியர்பாக்ஸுக்குப் பொருந்தணும்."

"ரெண்டு சம்பந்தி வீட்டுக்கும் நடுவுல மாட்டின மாப்பிள்ளை மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அக்கா. மாமா இருமினார்.

புது கியர்பாக்ஸ் தண்டில் இருந்த பல்லை எண்ணினாள்: பத்து. பழைய தட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் பழுப்புக் காகிதத்தை வைத்து, வட்டம் வரைந்து, கத்தரித்து என் கையில் கொடுத்தாள். நான் உதிரிபாகக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் காகிதத்தின் மேல் வைத்துப் பார்த்து, அச்சாகப் பொருந்திய தட்டைக் கொடுத்தார். வெற்றி வீரனாகத் திரும்பினேன்.

மெக்கானிக் அதை இன்ஜினில் வைத்தார். சுற்றிலும் அரை அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது.

"யாரு அளவெடுத்தது?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. அளவில் அவளைக் குறை சொன்னவர் யார் இருக்கிறார்கள்? காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். வெட்டிய ஓரத்துக்கு உள்ளே பென்சிலில் இன்னொரு வட்டம் இருந்தது. அதுதான் சரியான அளவு. இவள் கை பழக்கத்தில், தையலுக்கென்று சுற்றிலும் அரை அங்குலம் விட்டு வெட்டியிருக்கிறது!

"இரும்புக்குத் தையல் விட்டிருக்கேன்டா!" என்று அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மெக்கானிக் சிரிக்கலாமா என்று யோசித்து, பிறகு எங்களை மிஞ்சிவிட்டார்.

இந்த முறை கடைக்கு அவளே வந்தாள், காகிதத்தைப் பென்சில் கோட்டிலேயே வெட்டிக்கொண்டு. கடைக்காரர் தட்டை எடுத்துக் கொடுத்து, அதை அழுத்திப் பிடிக்கும் மூடியில் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் வட்டமாகத் தடித்த ஸ்பிரிங்குகள். இன்னொன்றில் பூவிதழ் போல் ஒரே தகடு.

போனில் மெக்கானிக் கத்தினார். "ஸ்பிரிங் வச்சதையே வாங்குங்கக்கா! மலை ஏத்தறதுக்கு அதுதான் கெட்டி!"

"இதழ் வச்சது?" என்று அக்கா கடைக்காரரைக் கேட்டாள்.

"பிடி நல்லாவே இருக்கும். காலுக்கு மெத்துனு இருக்கும்மா."

அக்கா போனில் சொன்னாள். "தம்பி, மலை ஏறப் போறது ஜீப்பு. மிதிக்கப் போறது நான். இதழ்தான்."

ஞாயிற்றுக்கிழமை கான்ட்ராக்டர் எட்டு மணிக்கே பட்டறை வாசலில் ஆஜர். நல்ல சட்டை வேறு. அதைத் தைத்ததும் அக்காதான். மாமா நகத்தைக் கடித்தார். அக்கா ஏறி உட்கார்ந்து இடது காலைத் தூக்கிப் பெடலில் வைத்தாள். நான் அவள் முகத்தை மட்டும் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நடந்த அந்த முகத்தை.

பெடல் கீழே போனது. முகம் சுருங்கவில்லை. இன்னொரு முறை மிதித்தாள். இன்னொரு முறை.

"வலிக்கலடா!" என்று கத்தினாள். "வலிக்கவே இல்லடா!"

எனக்கு அழுகை வந்துவிட்டது, அதில் என்ன வெட்கம். ஜீப் உறுமிக்கொண்டு கிளம்ப, கான்ட்ராக்டர் துள்ளி ஒதுங்கினார். தெருமுனையில் அது கல் பாதைப் பக்கம் திரும்பியது.

"எப்ப திரும்பி வருவாங்க?" என்று கேட்டார் கான்ட்ராக்டர்.

மாமா சிரித்துக்கொண்டே சொன்னார். "பெட்ரோல் தீர்ந்ததும். நீங்க வீட்டுக்குப் போங்க."