“இன்னா ஆடப் போறீங்க?” என்று கேட்ட பல்கீஸ் அக்கா

போன வாரம் காலை ஷிப்டுக்கு நுழையும்போது கேட்டில் செக்யூரிட்டி அண்ணன், “பல்கீஸ் அக்கா பூட்டாங்கபா” என்றார். “ஊருக்கா?” என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார், கண் கலங்கியிருந்தது. மாரடைப்பு. பழவேற்காட்டில் நல்லடக்கம் முடிந்து ஒரு வாரமாகிறது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைத் தாண்டும்போது இன்னும் என் கால் தானாக நிற்கிறது.

ஆலையில் பலருக்கு அவர் உருக்கி ஊற்றிய வார்ப்படங்களில் கீறல் கண்டுபிடிக்கும் அதிகாரி. கம்ப்யூட்டரில் கேம் ஆடும் எங்களுக்கோ, அவரைக் கேட்காமல், கேம் படத்தைச் சீராக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது நாள் பார்க்காமல் கல்யாணம் வைப்பது மாதிரி. அவரும் ஞாயிறு மதியம் சமையலை முடித்துவிட்டு பஸ் ஓட்டும் கேம் ஆடுவார். மலைப்பாதை வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பவே மாட்டார்.

நம் மனமகிழ் மன்றத்துக் கம்ப்யூட்டர் கதை உங்களுக்கு மறந்திருக்காது. ஆபீசில் கழித்துப் போட்ட பழைய பெட்டி அது. “ஒரு தடவை கரண்ட் டிரிப் ஆனாலும் ரூமைப் பூட்டிடுவேன்” என்று சொல்லித்தான் மேனேஜர் கொடுத்தார். ஷிப்டு முடிந்து நாம் உட்கார்ந்து பேச இருந்த ஒரே இடம் அந்த அறை. அந்தப் பெட்டிக்கென்று நம் செல்வம், மூன்று விசிறி வைத்து வண்ண விளக்கு எரியும் செகண்ட் ஹேண்ட் கார்டு ஒன்றைத் தூக்கி வந்தான்.

அக்கா அதைக் கையில்கூட வாங்கவில்லை. “மொதல்ல இன்னா ஆடப் போறீங்க, அத்தச் சொல்லு.”

கிரிக்கெட், கால்பந்து, லாரி ஓட்டுவது என்றோம்.

“மானிட்டரு?”

பழசு, சின்னது.

“கரண்ட் குடுக்குற டப்பா எத்தினி வாட்டு?”

அது யாருக்கும் தெரியவில்லை. அவரே பெட்டியைக் கழற்றிப் பார்த்தார். “இத்த மாட்டுனா யானையக் கட்டித் தீனி போட்ட கதைதான். இந்த டப்பா தாங்காது, டிரிப் ஆயிடும். விரலுக்கேத்த வீக்கம் போதும் நைனா. திருப்பிக் குடுத்துட்டு வா.”

அவர் தேர்ந்தெடுத்தது தனியாக மின்வயர் கேட்காத சின்னக் கார்டு. விசிறி ஒன்றுதான். செல்வத்தின் முகம் தொங்கிப்போயிற்று. “இன்னாக்கா, கல்யாண ஊட்டுல கஞ்சி ஊத்துற மாரி கீது?”

“பசிச்சவனுக்கு எறங்கும். குடி.”

அன்று கிரிக்கெட் எங்கும் திக்காமல் ஓடியது. வேவு பார்க்க வந்த மேனேஜர், கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு தானும் உட்கார்ந்துவிட்டார். இன்றுவரை அந்த அறை பூட்டப்படவில்லை. பக்கத்து ஆலைக்காரர்கள் வந்து பார்த்தால், “எங்க அக்கா செலக்ஷன்” என்று மார்தட்டிக்கொள்கிறோம். அதில் எனக்குக் கூச்சமே இல்லை.

நேற்று மன்றத்தில் கூடினோம். அக்கா நினைவாகப் பெரிய கார்டு ஒன்று வாங்கி, அதில் அவர் பெயரை எழுதி வைக்கலாம் என்றான் செல்வம். எல்லாரும் சரியென்றார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் வாய் முந்திக்கொண்டது.

“இன்னா ஆடப் போறோம்?”

செல்வம்தான் முதலில் சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். பழைய கார்டைக் கழற்றித் தூசியை ஊதிவிட்டு, மார்க்கரால் அதன்மேல் பெயர் எழுதினான். சின்னக் கார்டல்லவா, ‘பல்கீஸ்’ என்றதும் இடம் தீர்ந்துவிட்டது. ‘அக்கா’வை ஓரமாக வளைத்து எழுதினான்.

பெயர் அந்தக் கார்டில் இருக்கட்டும். கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன்.